நான்குவழிச் சாலை வருகிறது, குளமும் ஏலாவும் கிணறும் என்ன ஆகும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லையோரக் காரோடு வரை கேரளாவில் வந்து நிற்கும் தேசிய நெடுஞ்சாலை நம் குமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பக்கம் நான்குவழியாக நுழையத் தொடங்கிய நாளிலிருந்து, டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் கிராம சபையிலும் ஒரே கேள்விகளைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று எழுதினேன். இந்தச் சாலைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். நாளைக்குப் புறவழிச்சாலை, இணைப்புச் சாலை என்று எது வந்தாலும் இதே கேள்விகள்தான் வரும்.

சாலையே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. சாயங்காலம் களியக்காவிளையில் ஏறி நாகர்கோவில் போய்ச் சேர்வதற்குள் படும் பாடு எனக்கும் தெரியும். ஆம்புலன்ஸ் வழி கிடைக்காமல் நிற்பதைப் பார்த்தவன் சாலை வேண்டாம் என்று சொல்ல மாட்டான். சாலைக்காகப் போடும் கோடு எந்த வழியாகப் போகிறது, அந்தக் கோடு மண்மேட்டின் மேல் நிற்கிறதா தூணின் மேல் நிற்கிறதா, இந்த இரண்டைப் பற்றித்தான் பேச்சு. வரைபடத்தில் குளம் ஒரு நீலப் பொட்டாகத் தெரியும். அந்தக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் இரண்டடி ஓடை தெரியாது. ஓடையைத் தெரிந்தவர்கள் நாம்தான், ஆனால் கோடு போடும்போது நம்மிடம் யாரும் கேட்பதில்லை.

குளத்தின் ஓரத்தில் கொஞ்சம் மண் போட்டால் என்ன ஆகிவிடும்? மீதிக் குளம் இருக்குமே?

மீதிக் குளம் இருக்கும், தண்ணீர் இருக்காது. நம் குளங்கள் தனித்தனியாக வெட்டியவை இல்லை. மேல் குளம் நிறைந்தால் மறுகால் வழியாகக் கீழ்க் குளத்துக்கு, அங்கிருந்து ஏலா என்று நாம் சொல்லும் வயல்வெளிக்கு, ஏலாவிலிருந்து அடுத்த ஓடைக்கு என்று ஒன்றையொன்று கை பிடித்துக்கொண்டு இறங்கும். நடுவில் முப்பது நாற்பது மீட்டர் அகலத்துக்கு ஒரு மண் சுவர் வந்தால், சுவருக்கு மேல் பக்கம் மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர், கீழ் பக்கம் தை மாசி ஆவதற்குள் வறட்சி. குமரிக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு, அதனால்தான் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம் நெல், எடுத்தோம். ஆகவே இந்தச் சிக்கல் வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிற விஷயம் இல்லை, இரண்டு முறை வரும். 2021 நவம்பர் மழையில் எந்தெந்த ஓடை எங்கே உடைத்துக்கொண்டு ஓடியது என்று நினைத்துப் பாருங்கள், தண்ணீருக்குத் தன் பழைய வழி மறக்காது என்பது புரியும்.

அப்புறம் கிணறு. வெட்டுக்கல்லும் சரல் மண்ணும் தண்ணீரைச் சல்லடை மாதிரி வாங்கி மெல்ல விடும். குளம் நிறைந்திருக்கும்வரை சுற்று வட்டாரக் கிணற்றில் ஊற்று நிற்கும். குளத்தைப் பாசனத்துக்கு என்று மட்டும் கணக்கெழுதுகிறார்கள், குடிநீர் என்ற பத்தி அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

தண்ணீர் போக குழாய் வைக்கிறோம் என்கிறார்களே, போதாதா?

எங்கே, எத்தனை, எந்த மட்டத்தில் என்று கேளுங்கள். மூன்றுமே முக்கியம், மூன்றாவது ரொம்ப முக்கியம்.

ஓடையின் அடிமட்டத்துக்கு ஒரு அடி மேலே குழாய் உட்கார்ந்துவிட்டால், மேல் பக்க வயலில் ஒரு அடி தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும், நாற்று அழுகும். ஒரு அடி கீழே உட்கார்ந்தால் முதல் மழையிலேயே மண் வந்து அடைக்கும். நம் ஊர் ஓடையில் வருவது சுத்தமான தண்ணீர் மட்டுமா? தென்னை ஓலை, ரப்பர் இலை, பிளாஸ்டிக் பை, சில நேரம் வாழை மரமே மிதந்து வரும். மூன்றடி விட்டமுள்ள குழாயில் ஒரு ஓலை குறுக்கே மாட்டினால் போதும். சாலைக்கு அடியில் நூறடி நீளத்துக்கு இருட்டில் கிடக்கும் குழாய்க்குள் யார் இறங்கித் தூர் வாருவது? அதனால் ஆள் குனிந்து நடந்து போகும் அளவுக்குச் சதுரமான பெட்டிப் பாலம் கேளுங்கள். சின்ன ஓடை என்றால்கூட அப்படித்தான் கேட்க வேண்டும். நம் பக்கம் கலுங்கு என்று சொல்கிறோமே, அந்தப் பழைய கல் கலுங்குகளில் பையன்கள் நடந்துபோய் மீன் பிடிப்பார்கள், அந்த அளவுக்கு இடம் விட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று: இரண்டு ஓடைகளைத் திருப்பி ஒரே பாலத்துக்குள் விடுவது. செலவு குறைக்க இப்படிச் செய்வது வழக்கம். ஒரு ஓடைக்கு இரண்டு ஓடைத் தண்ணீர் வந்தால் கீழே இருக்கும் வரப்பு நிற்காது, இன்னொரு ஓடையை நம்பியிருந்த குளம் நிறையாது. ஓடைக்கு ஒரு பாலம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

தூண் மேல் கட்டச் சொன்னால் செலவு அதிகம் என்கிறார்களே, நடக்கிற காரியமா?

மண்மேட்டைவிடத் தூண் பாலம் பல மடங்கு செலவு, அதை மறைக்க வேண்டியதில்லை. முழு நீளத்துக்கும் யாரும் கேட்கவில்லை. குளமும் ஏலாவும் குறுக்கே வரும் இடத்தில் மட்டும் கேட்கிறோம்.

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போய் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோமே, அது என்ன? பறளியாற்றுப் பள்ளத்தை மண் போட்டு மூடாமல், 28 தூண் நட்டு, நூறடிக்கு மேல் உயரத்தில் கால்வாயையே தூக்கிக் கொண்டுபோனார்கள். 1966இல். ஒரு கால்வாய்க்காக அதைச் செய்ய முடிந்த மாவட்டம் இது. மார்த்தாண்டத்தில் கடைத்தெருவுக்கு மேலே சுமார் இரண்டரை கிலோமீட்டர் இரும்புத் தூணில்தான் இப்போது வண்டி ஓட்டுகிறோம். கடைக்கு மேலே முடியும் என்றால் வயலுக்கு மேலேயும் முடியும்.

மண்மேடு மலிவு என்பதும் கட்டும் நாள் கணக்கு மட்டும்தான். மலப்புறம் கூரியாட்டில் வயல் நடுவே தேசிய நெடுஞ்சாலை 66க்காக எழுப்பிய உயரமான மண்மேடு 2025 மே 19 அன்று பக்கத்துச் சேவைச் சாலையோடு சேர்ந்து சரிந்தது. வயல் மண் களிமண், தண்ணீர் குடித்துக் குடித்து மெத்தை மாதிரி இருக்கும். அதன் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றினால் அடியில் இருப்பது பக்கவாட்டில் பிதுங்கும். கடைசியில் அந்த இடத்தில் தூண் பாலம் கட்ட முடிவானது. முதலிலேயே கட்டியிருந்தால் ஒரு செலவோடு போயிருக்கும்.

அந்த மண் எல்லாம் எங்கிருந்து வருகிறது?

நம் பொத்தைகளிலிருந்துதான், அதாவது சிறு குன்றுகளிலிருந்து. நீங்களே கணக்குப் போடலாம். மேலே 26 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம், இரண்டு பக்கமும் சரிவு என்றால் அடியில் 46 மீட்டர் ஆகும். சராசரி 36, உயரம் 5, ஒரு மீட்டர் நீளத்துக்கு 180 கன மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 1,80,000 கன மீட்டர். டிப்பர் ஒன்றுக்கு 12 கன மீட்டர் என்றால் 15,000 லோடு. ஒரு கிலோமீட்டருக்கு! உருளை ஓட்டி இறுக்கும்போது இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். குளத்தையும் மூடி, குளத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் பொத்தையையும் வெட்டினால் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி.

சாலை போன்ற பணிகளுக்குச் சாதாரண மண் எடுக்கச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டாம் என்று 2020 மார்ச்சில் மத்திய அரசு ஒரு விலக்கு கொடுத்திருந்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. 2025 மார்ச்சில் மத்திய அரசு நிபந்தனைகளோடு விலக்கைத் திரும்பக் கொண்டுவந்தது. விலக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பக்கத்துப் பொத்தையில் பொக்லைன் ஏறினால், அனுமதி ஆணை எங்கே, எந்தப் புல எண், எத்தனை கன மீட்டர் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும்.

எங்கள் ஊரில் வயலே இல்லை, மேடுதான். சாலையும் மேட்டை வெட்டித்தான் போகிறது. எங்களுக்கு என்ன கவலை?

எங்கள் மாமி வீடு அப்படிப்பட்ட மேட்டில்தான் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் வீட்டுக்குக் கீழே ஒரு சாலைக்காகச் சரிவை நேராக வெட்டினார்கள், இரண்டு ஆள் உயரம் இருக்கும். வெட்டிய மறுநாள் அந்தச் செம்மண் சுவரில் நடுமட்டத்தில் ஒரு ஈரக்கோடு தெரிந்தது. நான்கைந்து நாளில் கோட்டிலிருந்து சொட்டு சொட்டாக வடிந்து சாலையோர ஓடையில் ஓடத் தொடங்கியது. பார்க்க நன்றாக இருக்கிறது, ஊற்று வந்திருக்கிறது என்று பிள்ளைகள் கை நனைத்து விளையாடினார்கள். அது மாமியின் கிணற்றுத் தண்ணீர்.

அந்தக் கோடைக்கு மாமி வாளிக் கயிற்றில் புதுக் கயிறு ஒன்றை முடிந்தார். முடிச்சுக்குக் கீழே ஆறு முழம். நாற்பது வருடமாக அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்தவர், வாளி தண்ணீரைத் தொடும் சத்தத்தை எண்ணி வைத்திருந்தவர், அந்தச் சத்தம் வராமல் கயிறு கையிலிருந்து ஓடிக்கொண்டே இருந்ததைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. மாமியின் நிலத்தில் ஒரு சென்ட் கூட எடுக்கவில்லை. எனவே இழப்பீட்டுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை, யாரிடம் போய்ச் சொல்வது என்றும் தெரியவில்லை.

மேட்டை வெட்டும் இடத்தில் நிலத்தடி நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று முன்கூட்டியே பார்த்து, வெட்டின் ஆழத்தை அதற்கு மேலே நிறுத்தலாம். அல்லது கோட்டைக் கொஞ்சம் நகர்த்தலாம். வெட்டிய பிறகு செய்யக்கூடியது ரொம்பக் குறைவு.

எங்கள் நிலம் சாலைக்காக நட்ட எல்லைக் கல்லுக்கு உள்ளே வரவில்லை. நாங்கள் எதற்காக மனு கொடுக்க வேண்டும்?

மாமி கதையைச் சொன்னதே இதற்காகத்தான். நிலத்துக்குப் பட்டா உண்டு, பட்டாக்காரருக்கு நோட்டீஸ் வரும். தண்ணீருக்குப் பட்டா கிடையாது. கல் நட்ட கோட்டுக்கு உள்ளே இருப்பவர் சென்ட் விலை பேசப் போய்விடுகிறார், அதைத் தவறு சொல்ல மாட்டேன், அவருடைய வாழ்க்கை அது. கோட்டுக்கு வெளியே கிணறும் வாய்க்காலும் வைத்திருக்கும் இருநூறு வீடுகளுக்காக யாரும் பேசுவதில்லை. கோட்டுக்கு வெளியே இருப்பவர்கள் பேசாவிட்டால் தண்ணீர் என்ற வார்த்தையே அந்தக் கோப்பில் ஏறாது.

ஓடையில் பாசன உரிமை, வயலுக்குப் போகும் வழி உரிமை, இப்படி எடுக்கப்படும் நிலத்தின் மேல் ஏதாவது ஒரு உரிமை உங்களுக்கு இருந்தால் அதைச் சொல்லி ஆட்சேபணை கொடுங்கள். அப்படி ஒன்றும் இல்லை என்றால் கோட்டுக்கு உள்ளே நிலமுள்ள ஒருவரோடு சேர்ந்து கூட்டு மனுவாகக் கொடுங்கள்.

எப்போது கொடுக்க வேண்டும்? இன்னும் நேரம் இருக்கிறதல்லவா?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் பதறிப்போய்த்தான் பதில் சொல்வேன், ஏனென்றால் எல்லாரும் கோட்டைவிடும் இடம் இது. 1956ஆம் வருடத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தில் 3ஏ என்ற பிரிவில் முதல் அறிவிக்கை அரசிதழில் வரும். அதன் சுருக்கத்தை இரண்டு பத்திரிகைகளில் போட வேண்டும், அதில் ஒன்று நம் மொழிப் பத்திரிகை. ஆட்சேபணை சொல்ல 3சி பிரிவு தருவது 21 நாள். பத்திரிகையை நீங்கள் பார்த்த நாளிலிருந்து எண்ணாதீர்கள், அரசிதழ் தேதியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் பாதுகாப்பு. நிலம் எடுப்புக்கான அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகை வாங்க வேண்டும். அவர் உங்களை நேரில் விசாரித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 3டி அறிவிக்கை வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுக்குப் போய்விடும், அதற்குப் பிறகு பேச்சு பெரும்பாலும் பணத்தைப் பற்றித்தான். 3ஏ வந்து ஒரு வருடத்துக்குள் 3டி வராவிட்டால் முதல் அறிவிக்கை காலாவதி ஆகும், அதையும் தேதி குறித்து வையுங்கள்.

மனுவில் ‘விவசாயம் அழியும்’ என்று பொதுவாக எழுதினால் ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். இந்தப் புல எண்ணில் இந்த ஓடை, இத்தனை அடி அகலம், இந்தக் குளத்துக்குப் போகிறது, அந்தக் குளத்தின் கீழ் இத்தனை ஏக்கர், சுற்றி இத்தனை கிணறு என்று எழுதுங்கள். கிராம வரைபடம், புல வரைபடம், அ-பதிவேடு, மூன்றிலும் ஓடைப் புறம்போக்கு காட்டியிருக்கும். நமக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு: 1956க்கு முன் நாம் திருவிதாங்கூரில் இருந்ததால் பழைய ஆவணங்கள் மலையாளத்தில் இருக்கும். வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்து ஆதாரம் (நிலப் பத்திரம்) இருந்தால் மலையாளம் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அதில் எழுதியிருக்கும் எல்லை விவரத்தில், இன்றைய பதிவேட்டில் காணாமல் போன ஒரு தோடு, அதாவது ஓடை, இருக்கக்கூடும்.

பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நம் ஊரில் ஏன் நடக்கவில்லை?

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, புதிதாகப் போடும் தேசிய நெடுஞ்சாலைக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், கருத்துக்கேட்புக் கூட்டம் அந்த அனுமதி நடைமுறையில்தான் வரும். இருக்கும் நெடுஞ்சாலையை அகலப்படுத்துவது என்றால், 100 கிலோமீட்டருக்கு மேல் நீளமும், ஏற்கெனவே உள்ள தடத்தில் 40 மீட்டர், புறவழியில் 60 மீட்டர் என்ற அளவுக்கு மேல் நிலமும் எடுத்தால்தான் வேண்டும். சின்ன மாவட்டத்தில் ஓடும் சாலை இந்த வரம்புக்குள் வராமல் போய்விடுகிறது. விழுப்புரம் – நாகப்பட்டினம் சாலை வழக்கில் 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அனுமதியைத் தவிர்ப்பதற்காக ஒரு திட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கக் கூடாது என்று சொன்னது. ஆனால் அந்தச் சாலைக்கு அனுமதி தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சேலம் – சென்னை எட்டுவழிச் சாலை வழக்கில் 2020 டிசம்பரில் வந்த தீர்ப்போ, நில அறிவிக்கை வெளியிடும் முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்றது. அதாவது முதலில் கோடு, பிறகுதான் தண்ணீர்ப் பரிசோதனை. இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பது என் கருத்து.

கூட்டம் நடக்கும் திட்டமாக இருந்தால் 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். தமிழ்ச் சுருக்கத்தில் நம் ஊர்க் குளத்தின் பெயர் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

எல்லைக்கு அப்பால் கேரளாவில் நெல்வயலைக் காக்கச் சட்டம் இருக்கிறதாமே?

இருக்கிறது. 2008இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். களியக்காவிளை தாண்டினால் வயலை மூடச் சட்டப்படி தடை, இந்தப் பக்கம் அதற்கு நிகரான தனிச் சட்டம் இல்லை. நம் ஏலாக்களில் தென்னையும் ரப்பரும் வீடும் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அங்கேயும் பொதுத் தேவை என்றால் அரசு விலக்கு தரலாம். கண்ணூர் கீழாற்றூரில் 2017, 2018இல் புறவழிச்சாலைக்கு எதிராக ‘வயல்கிளிகள்’ என்று பெயர் வைத்து வயலில் இறங்கிப் போராடினார்கள், நாடே பேசியது. சாலை வயல் வழியாகத்தான் போனது. சட்டம் இருந்தும் அப்படி. அதற்காகச் சட்டம் வேண்டாம் என்று ஆகாது, தமிழ்நாட்டிலும் நெல்வயலுக்குத் தனிச் சட்டம் கேட்க வேண்டும்.

ஈரநில விதிகள் நம் குளத்தைக் காக்காதா?

2017 ஈரநில விதிகளில், நெல்வயலும் குடிநீருக்காக, பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகளும் சேராது. நம் குளம் பெரும்பாலும் பாசனக் குளம் என்பதால் வெளியே நிற்கிறது. சுசீந்திரம் – தேரூர், வேம்பனூர் இரண்டுக்கும் 2022இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநில அங்கீகாரம் கிடைத்தது. மற்றவற்றுக்கு வருவாய்ப் பதிவேடுதான் துணை.

இழப்பீடு சரியாகக் கிடைக்குமா?

சுருக்கமாகச் சொல்கிறேன். 2015 ஜனவரி 1 முதல் நெடுஞ்சாலை நிலத்துக்கும் 2013 நிலமெடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டுக் கணக்குதான், சந்தை மதிப்போடு 100 சதவீத ஆறுதல் தொகையும் சேரும். ஆனால் அதே 2013 சட்டத்தில் பல போகம் விளையும் பாசன நிலத்தைக் கடைசி வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்ற விதியும், சமூகத் தாக்க மதிப்பீடும் நெடுஞ்சாலைக்குப் பொருந்தாமல் விலக்கி வைத்திருக்கிறார்கள். பணம் வந்தது, பாதுகாப்பு வரவில்லை. வயலை இரண்டாகப் பிளந்து ஒரு துண்டு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால், மீதி நிலத்துக்கு வரும் கெடுதலையும் கணக்கில் எடுக்க 3ஜி பிரிவில் இடம் உண்டு. மடை அடைபடுவது, வழி இல்லாமல் போவது, கிணறு அந்தப் பக்கம் போவது, இதையெல்லாம் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள்.

கிராம சபைத் தீர்மானத்தால் பயன் உண்டா?

சாலையை நிறுத்தாது. ஆனால் குளத்தின் பெயர், ஓடையின் அகலம், தூண் பாலம் கேட்ட இடம் எல்லாம் தேதியோடு அரசு நோட்டில் ஏறும். பின்னாளில் நீதிமன்றத்தில் காட்ட அது ஒரு காகிதம். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபையை விட்டுவிடாதீர்கள்.

வேலை தொடங்கும் முன் இன்றைக்கே நாங்கள் செய்யக்கூடியது என்ன?

கிணற்றை அளந்து எழுதுங்கள். வேலை தொடங்கிய பிறகு ‘தண்ணீர் குறைந்துவிட்டது’ என்றால், முன்பு எவ்வளவு இருந்தது என்று கேட்பார்கள், நம்மிடம் பதில் இருக்காது. மாமியிடம் இல்லை. ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, கிணற்றுக் கைப்பிடிச் சுவரின் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை எத்தனை அடி என்று மாதம் ஒருமுறை ஒரே தேதியில் அளந்து நோட்டில் எழுதுங்கள். கல் தண்ணீரைத் தொடும் நேரத்தில் கயிற்றில் முடிச்சுப் போட்டு, மேலே இழுத்து அளந்தால் போதும். சித்திரையிலும் ஐப்பசியிலும் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, வார்டு உறுப்பினரிடம் அந்தப் பக்கத்தில் கையெழுத்து வாங்குங்கள். உப்புச் சுவை, நிறம் மாறினால் அதையும் எழுதுங்கள். ஒரு வீடு செய்தால் அது ஒரு வீட்டுக் குறை, வரிசையாக முப்பது வீடு செய்தால் எந்த அதிகாரியும் தள்ளிவிட முடியாத கணக்கு.

மாமி இப்போது அளக்கிறார். சமையலறை ஆணியில் தொங்கும் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறார், அடுத்த வீட்டு அக்காவையும் எழுத வைத்திருக்கிறார். உங்கள் தெருவில் யாராவது தொடங்கியிருந்தால் அவரோடு சேருங்கள், இல்லையென்றால் இந்த மாதத் தேதியை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.